இரண்டாந்தரம் கூப்பிட்டால் மனிதன்

கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்துகிற இளம் பயிற்றுவிப்பாளர்களே, இது உங்களுக்குத்தான். போன கிழமை நீங்கள் நடத்திய உதைபந்தாட்ட முகாமுக்கு வந்து ஓரமாக ஒரு கதிரையில் இருந்தேன். சின்னப் பிள்ளைகளின் ஆட்டம். ஒரு பிள்ளையின் காலுக்குப் பந்து வருமுன்னமே மூன்று பேர் மூன்று பக்கத்தால் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்தினீர்கள். பிள்ளை மூன்று பக்கமும் பார்த்தது. பந்து நான்காம் பக்கத்தால் போய்விட்டது. பிறகு தேநீர் குடிக்கும்போது உங்களில் ஒருவர் வந்து, சேர், முதற்பிரிவு ஆட்டங்களில் அவ்வளவு சனத்தின் இரைச்சலுக்கு மேலால் நீங்கள் எப்படிக் கத்துவீர்கள் என்று கேட்டார். சிரித்துச் சமாளித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பதில் சொல்வதானால் ஒரு முழுப் பருவகாலத்தின் கதையைச் சொல்லவேண்டும். அதற்கு ஒரு தேநீர் போதாது.

இந்தத் தொழிலில் நான் செய்த ஆகக் கடினமான வேலை, ஒரு பின்னேரம் வாயைத் திறக்காமல் நின்றதுதான். நான் வாயாடி என்பது மட்டக்களப்பு முழுவதற்கும் தெரியும், ஆகவே நம்பக் கஷ்டமாக இருக்கும். பரவாயில்லை, வாசியுங்கள்.

நான் டவுனில் பிறந்த, போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியன். அப்பா சப்பாத்துத் தைத்தவர். நானும் சின்ன வயதில் ஊசியும் மெழுகு நூலுமாகத் திரிந்துவிட்டு, பிறகு கோல் காப்பாளனாக விளையாடி, முழங்கால் போனபின் காப்பாளர்களையும் பின்கள வீரர்களையும் பழக்கும் வேலைக்கு வந்தேன். மட்டக்களப்பு வாவியை நாங்கள் பாலத்திலிருந்தும் ஜன்னலிலிருந்தும் பார்த்து வளர்ந்தவர்கள், அதற்குள் இறங்கி உழைத்தவர்கள் அல்ல. எங்கள் கழகமோ படுவான்கரையில், வாவிக்கு மேற்கே, வயல் வட்டை முடிந்து தண்ணீர் தொடங்குகிற ஓர் ஊரில் இருந்தது. பொடியன்களில் பாதிப்பேர் இறால் பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகள், மீதிப்பேர் வேளாண்மை செய்கிற வீட்டுப் பிள்ளைகள். அந்தக் கழகம் நாட்டின் முதற்பிரிவுக்கு ஏறியபோது ஊரில் வெடி கொளுத்தாத வீடு இல்லை.

முதல் ஆட்டம் கொழும்பில், செயற்கைப் புல்லில். எங்கள் பொடியன்கள் அதுவரை அப்படி ஒன்றில் கால் வைத்ததில்லை. எல்லோருடைய சப்பாத்தின் அடியிலும் சேற்றுக்கான நீளக் குமிழ்கள். உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து கத்தியால் ஒவ்வொரு குமிழாகச் சீவினேன். அப்பா அந்த வேலையைப் பார்த்திருந்தால் தலையில் கை வைத்திருப்பார். தோற்றோம், ஆனால் யாரும் வழுக்கி விழவில்லை. முதற்பிரிவு நாம் யோசித்தே பார்க்காத இடத்தில் காலை வாரும் என்று எனக்கு அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. குமிழ்களைச் சீவிய பெருமையோடு பஸ்ஸில் நித்திரையாகிவிட்டேன்.

எங்கள் மைதானத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இப்போது அங்கே விளக்குக் கம்பங்கள் வந்துவிட்டன, அப்போது இல்லை. மேற்குக் கோலுக்குப் பின்னால் வீதி. கிழக்குக் கோலுக்குப் பின்னால் ஒரு கயிறு, அதற்குப் பின்னால் கொஞ்சம் சேறு, பிறகு வாவி. ஊரார் வாவியை ஆறு என்றுதான் சொல்வார்கள், ஆகவே அந்தக் கோலுக்கு ஆத்துக்கோல் என்று பெயர். ஆட்ட நாட்களில் மீன்பிடிக்காரர் வள்ளங்களை அந்தக் கோலுக்கு நேரே நிறுத்திவைத்து ரிக்கெட் இல்லாமல் பார்ப்பார்கள். பொழுது விழுந்து, வெளிச்சமும் இருளும் ஒன்றாகக் கிடக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தை இங்கே மம்மல் என்போம். மம்மலாகத் தொடங்கியதும் வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று போகும். ஆட்டம் எவ்வளவு சூடாக நடந்தாலும் போகும். இருட்டுமுன் கரை சேருகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் பிரிவில் இருந்தவரை எங்கள் ஆட்டங்கள் வெயிலோடு தொடங்கி வெயிலோடு முடிந்தன. முதற்பிரிவுக்கு ஏறியதும் தொலைக்காட்சிக்காரர் வந்தார்கள். அவர்களுக்கு ஓர் ஆட்டம் முடிய மற்றது தொடங்கவேண்டும். வரிசையில் புதிதாக வந்த எங்களுக்குக் கடைசி இடம் கிடைத்தது. அதனால் எங்கள் சொந்த மைதானத்து ஆட்டங்களின் இரண்டாம் பாதி எப்போதும் மம்மலில்தான் முடியும். பிந்தித் தொடங்குகிறதே என்று ஒருவரும் முறையிடவில்லை, தொலைக்காட்சியில் வருகிறோம் என்ற சந்தோசம்.

இன்னுமொரு மாற்றம், ஜூட். முதற்பிரிவுக்கு ஏறியதும் கழகம் மன்னாரிலிருந்து கூட்டிவந்த கோல் காப்பாளர். நெடுத்த பொடியன், பெரிய கை, அதைவிடப் பெரிய குரல். முன்பு இருந்த காப்பாளன் உள்ளூர்ப் பொடியன், யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டான், கூவென்று ஒரு சத்தம் மட்டும் போடுவான். ஜூட் அப்படியல்ல, முறைப்படி பழகியவர். யாருக்குப் பின்னால் ஆள் வருகிறதோ அவர் பெயரைச் சொல்லித் தெளிவாக ஒருமுறை கத்துவார். எனக்கு அவரை நன்றாகப் பிடித்துக்கொண்டது. நான் அவர் பெயரை "ஜூ" என்று நீட்டி இழுத்துக் கூப்பிடுவதை அறை முழுவதும் சொல்லிக் காட்டிச் சிரிக்கும்.

சொந்த மைதானத்தில் முதல் நாலைந்து ஆட்டங்களிலும் ஒரே மாதிரியான கோல் விழுந்தது. இரண்டாம் பாதியில் நாங்கள் ஆத்துக்கோலைக் காக்கும்போது நடுவால் ஒரு பந்து வரும். எங்கள் நடுப் பின்களக்காரன் தவத்துக்குப் பின்னால் எதிரணிக்காரன் ஓடுவான். ஜூட் "தவம்" என்று கத்துவார். தவம் திரும்பமாட்டான். கோல். வெளியூர் ஆட்டங்களில் இதே தவம் ஜூட்டின் குரலுக்கு நூல் கட்டிவிட்டதுபோல் திரும்புவான்.

உடம்பில் பலமில்லை, ஆட்டத்தின் கடைசியில் களைத்துப்போகிறான் என்று முடிவுகட்டி அவனை வயல் வரம்பில் ஓடவிட்டேன். ஓடினான். கோல் திரும்பவும் விழுந்தது. தலைமைப் பயிற்றுவிப்பாளர் தெற்கிலிருந்து வந்தவர், நல்ல மனிதர், எதையும் பலகையில் படம் கீறி விளக்குபவர். அவர் எனக்கும் படம் கீறிக் காட்டி, அடுத்த ஆட்டத்தில் தவம் இல்லை என்றார். தவம் போனால் அந்த இடத்துக்கு எங்களிடம் ஆள் இல்லை. அதைவிட, இப்படிக் கழற்றினால் அந்தப் பொடியன் பிறகு தலை நிமிரமாட்டான் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு நாள் தவணை கேட்டேன்.

அன்று பயிற்சி முடிந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்த தவத்திடம், ஜூட் கூப்பிடுவது உனக்குக் கேட்கிறதா என்று கேட்டேன். கேட்கிறது என்றான். பிறகேன் திரும்புவதில்லை என்றேன். கழுவின காலையே திரும்பத் திரும்பக் கழுவினான்.

"மம்மலுக்குள்ள ஆத்துப் பக்கத்தால பேரச் சொல்லி ஒருக்காக் கூப்பிட்டா கிறுகப்படா சேர். ஏனெண்டு கேக்கவும் படா. மனிசனெண்டா மறுகாலும் கூப்பிடுவான்."

கிறுகுவது என்றால் திரும்புவது, மறுகால் என்றால் இன்னொருதரம். எனக்குச் சிரிப்பு வந்தது, அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அங்கே கூப்பிடுவது ஜூட் என்று உனக்குத் தெரியும்தானே என்றேன். தெரியும் என்றான். தெரிந்தும் கழுத்து வருகுதில்லை, ஒருதரத்துக்கு வராது, சின்னனில் இருந்து அப்படி என்றான். ஒருதரம் கூப்பிடுவது யார், அல்லது என்ன, என்று கேட்டேன்.

"தெரியா சேர். கிறுகிப் பாத்த ஆக்கள் ஒருத்தரும் வந்து சொல்லல்ல."

மற்றப் பொடியன்களிடம் தனித்தனியே விசாரித்தேன். எல்லோருக்கும் அது தெரியும். யாரும் அதைப் பேய் என்றோ பிசாசு என்றோ சொல்லவில்லை. வீதியில் இடப்பக்கமாகப் போகவேண்டும் என்று சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொன்னார்கள். அவர்கள் வீடுகளில் அந்த நேரத்தில் யாரையும் ஒருதரம் கூப்பிடுவதே இல்லையாம். தாய்மார் பிள்ளைகளை இரண்டுதரம் சேர்த்துத்தான் கூப்பிடுவார்களாம். இவ்வளவு காலம் அந்த ஊருக்கு வந்துபோகும் எனக்கு இது காதில் விழவேயில்லை.

ஒரு வீரன் சொன்னதைச் செய்யாவிட்டால் அவனுக்குக் கேட்கவில்லை, இல்லாவிட்டால் அவன் மதிக்கவில்லை என்று நாம் முடிவுகட்டுகிறோம். மூன்றாவது காரணமும் இருக்கும். அதை அவனிடம் போய்க் கேட்க வெட்கப்படாதீர்கள். நான் இரண்டு மாதம் பிந்திக் கேட்டேன், அதற்குள் நாங்கள் அட்டவணையின் அடியில் போய்க் கிடந்தோம்.

மருந்து சின்னது. பெயரை இரண்டுதரம் சேர்த்துச் சொல்லச் சொன்னேன். "தவம் தவம்." ஜூட் விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னபடி செய்தார். அடுத்த ஆட்டத்தில், நல்ல மம்மலுக்குள், முதல் அழைப்பின் வால் மறையுமுன் இரண்டாவது வந்தது. தவம் சுழன்று பந்தை வெளியே அடித்தான். ஒரு பயிற்றுவிப்பாளனாக எனக்கு அதைவிடப் பெரிய சந்தோசம் அந்தப் பருவகாலத்தில் கிடைக்கவில்லை. அதன்பிறகு எல்லோரும் எல்லோரையும் இரண்டுதரம்தான் கூப்பிட்டார்கள். பின்னால் பந்தைக் கொடுக்கும்போது ஜூட்டையும் "ஜூட் ஜூட்" என்றார்கள். இரண்டுதரம் கேட்டால் உடம்பு தானாக அசையும், அப்படிப் பழக்கிவிட்டேன். வெற்றிகள் வரத் தொடங்கின.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் உங்களுக்கு ஒரு நல்ல பாடமும் எனக்கு நல்ல பெயரும் மிஞ்சியிருக்கும்.

ஜூட் மெல்லமெல்ல மாறினார். சொந்த மைதானத்தில், அதுவும் ஆத்துக்கோலில் நிற்கும்போது, கோல் கோட்டைவிட்டு முன்னுக்கு வரத் தொடங்கினார். முதலில் கொஞ்சம், பிறகு பெனால்டிப் பெட்டியின் விளிம்புவரை. துணிந்து விளையாடுகிறார் என்று நினைத்து நான் முதுகில் தட்டிக்கொடுத்தேன். ஆட்டம் முடிந்ததும் தவத்தைத் தேடிப்போய், என்னைக் கூப்பிட்டாயா என்று கேட்பார். இல்லை என்பான் தவம். பயிற்சிகளில் அவர் பகிடி விடுவதும் நின்றுபோனது. வீட்டு நினைவாக்கும் என்று விட்டுவிட்டேன்.

கடைசிக்கு முந்திய சொந்த மைதான ஆட்டம். ஒரு கோலால் முன்னுக்கு நிற்கிறோம். வள்ளங்கள் எல்லாம் போய்விட்டன, ஆத்துக்கோலுக்குப் பின்னால் தண்ணீர் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. எதிரணிக்காரன் தூரத்திலிருந்து ஒன்றை உதைத்தான். குழந்தைப்பிள்ளையும் பிடிக்கக்கூடிய பந்து. பந்து வரும் நேரத்தில் ஜூட் முதுகைக் காட்டிக்கொண்டு வாவியைப் பார்த்து நின்றார். பந்து அவருக்குப் பக்கத்தால் உருண்டு கோலுக்குள் போனது. அதற்குப் பிறகும் அவர் உடனே திரும்பவில்லை. சனம் அமைதியாகிவிட்டது. கூச்சல்கூடப் போடவில்லை, அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. என்ன நடந்தது என்று கேட்டபோது, கண்ணில் சூரியன் பட்டது என்றார். சூரியன் மேற்கே விழுந்துவிட்டது, அவர் கிழக்கே பார்த்து நின்றவர்.

அந்த ஒரு கோலால் எல்லாம் கடைசி ஆட்டத்தில் வந்து நின்றது. சொந்த மைதானம். சமநிலை கிடைத்தால் முதற்பிரிவில் நிற்போம், தோற்றால் வந்த வழியே இறங்குவோம். நாணயச் சுழற்சியில் வென்று இரண்டாம் பாதியில் வீதிக் கோலைக் காக்கும்படி கப்டனிடம் சொல்லிவைத்திருந்தேன். நாணயம் எதிரணிக்கு விழுந்தது. முதற் பாதி கோல் இல்லாமல் முடிந்தது. இனி ஜூட் ஆத்துக்கோலுக்குப் போகவேண்டும்.

இடைவேளையில் அவர் அறைக்குள் வரவில்லை. தேடிப்போனேன். அறைக்குப் பின்னால், தண்ணீர்த் தாங்கியின் கீழே கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தேன். அவராகவே சொன்னார். பல ஆட்டங்களாகப் பின்னாலிருந்து அவரை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம். ஒருதரம் மட்டும். முதலில் யாரோ மீன்பிடிக்காரர் என்று நினைத்தாராம். வள்ளங்கள் போன பிறகும் கேட்டதாம்.

"போனமுறை அது தவத்தின்ர குரல் சேர். தவம் எனக்கு முன்னால நிக்கிறான், எனக்குத் தெரியுது. எண்டாலும் திரும்பிட்டன்."

என்ன பார்த்தாய் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கழற்றிவைத்த கையுறையைத் தூரத் தள்ளிவைத்தார். இப்படிப் பயந்த காப்பாளன் கோலில் நின்றால் என்ன நடக்கும் என்று எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. மாற்றுக் காப்பாளனுக்கோ மணிக்கட்டு உடைந்து கட்டுப் போட்டிருந்தது. வேறு யாரையும் கோலில் விட்டால் தோல்வி நிச்சயம். ஏன் ஜூட்டை மாற்றினீர்கள் என்று அறையில் கேட்டால் நான் என்ன சொல்வேன்? உண்மையைச் சொன்னால் மீதிப் பத்துப்பேரின் கழுத்தும் வாவிப் பக்கம் போய்விடும்.

நீங்களாக இருந்தால் அந்த நேரத்தில் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்படி ஒன்றும் இல்லை, மனதைத் திடப்படுத்து என்று நெஞ்சில் குத்தி அனுப்பியிருப்பீர்கள். நானும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பொடியன் என்னைப் பார்த்த பார்வையில் அது நின்றுவிட்டது. அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முதுகுப் பக்கத்தில் ஓர் ஆள் தேவைப்பட்டது.

"தம்பி, நான் வந்து ஆத்துக்கோலுக்குப் பின்னால நிக்கிறன்" என்றேன். "உனக்குப் பின்னால இருந்து ஆர் கூப்பிட்டாலும், ஆர்ர குரலில கூப்பிட்டாலும், அது நான்தான். நான் சும்மா கத்துற ஆள் எண்டு உனக்குத் தெரியும்தானே. திரும்பாத."

சத்தியமா அங்கேயே நிப்பீங்களா என்று கேட்டார். சத்தியம் என்றேன். கையுறையை எடுத்துப் போட்டார்.

ஆட்ட நேரத்தில் பயிற்றுவிப்பாளர் தனக்குரிய கட்டத்தை விட்டுக் கோலுக்குப் பின்னால் போகமுடியாது, உங்களுக்குத் தெரியும். ஆகவே கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றி நான்காவது மத்தியஸ்தரிடம் கொடுத்து, எனக்குச் சுகமில்லை, இனி நான் அணியில் இல்லை, சனத்தோடு சனம் என்றேன். தலைமைப் பயிற்றுவிப்பாளருக்குக் கோபத்தில் முகம் சிவந்தது. கழகத்தின் வரலாற்றிலேயே முக்கியமான பாதியில் விட்டுவிட்டுப் போகிறாயா என்று கேட்டார். அவருக்கும் என்னால் விளக்கமுடியவில்லை. இப்படிப் பேச்சு வாங்குவது தொழிலின் ஒரு பகுதி என்று நினைத்து வாங்கிக்கொண்டேன்.

கயிற்றுக்குப் பின்னால் சேற்றில் போய் நின்றேன். வேறு யாரும் இல்லை. அந்தப் பக்கம் சனம் ஒருநாளும் நிற்பதில்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். மைதானத்தின் மூன்று பக்கமும் தலைக்கு மேல் தலை, இந்தப் பக்கம் நான் ஒருவன். முன்னால் வலை, வலைக்கு அப்பால் ஜூட்டின் முதுகு. என் முதுகுக்குப் பின்னால் தண்ணீர். கடைசி வள்ளமும் போனபிறகு, சனத்தின் சத்தம் தூரத்து வீட்டுக் கலியாணச் சத்தம்போல் குறைந்து கேட்டது. சேற்றில் தண்ணீர் அடிக்கும் சத்தம் பெரிதாகக் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. கொஞ்சநேரத்தில், வள்ளம் ஒன்றும் இல்லாத இடத்தில், யாரோ அவசரமில்லாமல் தண்டு வலிக்கும் சத்தம் கேட்டது. எனக்கு நல்ல பயம். பயப்படவில்லை என்று எழுத எனக்கு வயது போய்விட்டது.

வாயைத் திறக்கவில்லை. ஜூட் பிழையான இடத்தில் நின்றபோதும் சொல்லவில்லை. பாதி முழுவதும் என் தொண்டைக்குள் எத்தனை கட்டளைகள் வந்து திரும்பிப் போயின என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நான் கூப்பிடுவேன் என்று சொல்லித்தான் அவரை நிறுத்தியிருந்தேன், ஆனால் என் குரலை அவரால் எதிலிருந்து பிரித்தறிய முடியும் என்று எனக்கே தெரியாது. ஆகவே கூப்பிடாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று தோன்றியது.

ஆட்டம் முடியும் தறுவாயில், கோல் ஏதும் இல்லை. எதிரணிக்குக் கோர்னர். இருட்டில் சட்டைகளின் நிறம் மாறிப்போய் எல்லோரும் ஒரே அணிபோலத் தெரிந்தார்கள். உதைத்தார்கள். பந்து உயரே எழுந்து, கோலுக்கு முன்னால் இறங்கத் தொடங்கியது. ஜூட் முழங்காலை மடித்துப் பாயத் தயாரானார்.

அப்போது கூப்பிட்டது. எனக்குப் பின்னால், தோளுக்குக் கிட்டவாக, தண்ணீர்ப் பக்கத்திலிருந்து. "ஜூட்" என்று, ஒருதரம். முதலெழுத்தை நீட்டி இழுத்து, அறையில் எல்லோரும் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்களே, அப்படியே. அது என் குரல். என் வாய் மூடியிருந்தது.

ஜூட்டின் தோள் அசைந்தது. கழுத்து இந்தப் பக்கம் வரத் தொடங்கியது. அவரைத் தடுக்க, ஜூட், பந்தைப் பார் என்று கத்துவதற்கு என் நெஞ்சு நிறையக் காற்று ஏறியது. இருபது முப்பது வருடம் செய்த வேலை அது, யோசிக்காமலே வரும். வாய் திறந்தும்விட்டது. அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. நான் கத்தினால் அது இரண்டாவது. ஒரே குரலில், ஒரே பெயர், இரண்டுதரம். அதற்கு உடம்பு தானாகத் திரும்பும்படி பழக்கியவன் நான்தான். நான் என்ன சொல்லி அனுப்பியிருந்தாலும் கழுத்து கேட்காது, அதைத் தவம் எனக்குக் குழாயடியிலேயே சொல்லிவிட்டான். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். பல் உதட்டில் இறங்கி இரத்தம் உப்பாக வந்தது.

கழுத்து நின்றது. அவர் இரண்டாவது அழைப்புக்குக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். அது வரவில்லை. பிறகு அவர் எழும்பினார். அவ்வளவு பேருக்கு மேலால் எழும்பி, அந்தப் பெரிய கைகளால் பந்தைப் பிடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே விழுந்து, எழும்பாமலே கிடந்தார். மத்தியஸ்தர் கடைசி விசிலை ஊதினார். சனம் கயிறுகளைத் தாண்டி உள்ளே ஓடியது.

நான் அங்கேயே நின்றேன். நானும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. வலையில் ஒரு கையை வைத்து, பக்கவாட்டாக நடந்து, வெளிச்சம் இருக்கும் பக்கம் வந்தபிறகுதான் மூச்சு விட்டேன். முதற்பிரிவில் தங்கிவிட்டோம் என்ற நினைவே அதற்குப் பிறகுதான் வந்தது. வந்ததும் குழந்தைபோல் அழுதேன். தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஒரு கிழமை என்னோடு பேசவில்லை, பிறகு பேசினார், என்ன நடந்தது என்று இன்றுவரை கேட்கவில்லை.

கோட்டுக்கு வெளியே நிற்கும் உங்களுக்கு நான் சொல்லவந்தது இவ்வளவுதான். நீங்கள் கத்துவது எல்லாம் உங்கள் வீரனின் உடம்பில் போய் விழுகிறது. எது எப்போது விழவேண்டும் என்று தெரியாவிட்டால், பேசாமல் அவனுக்குப் பின்னால் நில்லுங்கள். நிற்பதாகச் சொன்னால் நில்லுங்கள்.

அந்தச் சனத்துக்குள் ஜூட் என்னைத் தேடி ஓடிவந்து கட்டிப்பிடித்தார். சேறு, வேர்வை, அழுகை எல்லாம் ஒன்றாக. காதுக்குள் சொன்னார்.

"நீங்க கூப்பிட்டது கேட்டது சேர். ஒருக்காத்தானே கூப்பிட்டீங்கள். ரெண்டாந்தரம் கூப்பிட்டிருந்தா நான் திரும்பியிருப்பன்."

"ஓம் தம்பி" என்றேன். "ஒருக்காத்தான் கூப்பிட்டனான்."

அவர் இன்னும் முதற்பிரிவில் விளையாடுகிறார், வேறு கழகத்தில், வாவி இல்லாத ஊரில். கோர்னர் வரும் நேரத்தில் வாயை அடக்கமாட்டாமல் பெயரைக் கூப்பிட்ட கிழட்டுப் பயிற்றுவிப்பாளரைப் பற்றிப் புதுப் பொடியன்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம். சிரிக்கட்டும். இதை அவருக்கு யாராவது அனுப்பிவைப்பீர்கள், உங்கள் கை சும்மா இராது என்று தெரியும். ஆகவே கடைசி வரி அவருக்கு. ஜூட் தம்பி, மேலே எழுதியிருப்பதை விடு. அது நான்தான்.